பூனாகலை மண்ணில் அடைபட்ட பொஸ்பரஸ்

தேயிலை மலைக்கு உரம் போடும்போது மூட்டையிலிருந்து மண்ணில் விழும் பொஸ்பரஸில் பொதுவாகக் கால் பங்குகூட அந்த ஆண்டில் செடிக்குள் போய்ச் சேர்வதில்லை. மீதியில் பெரும்பகுதி அதே மலையில், வேருக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில், செடி எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்தில் தங்கிவிடுகிறது. பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையில் எழும் பூனாகலை மலைகளிலும், ஹப்புத்தளை, பசறை, ஹாலிஎல என விரியும் ஊவாவின் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக இப்படிச் சேர்ந்த பொஸ்பரஸின் மேல்தான் தேயிலை நிற்கிறது. அதில் ஒரு பகுதியை மீண்டும் செடிக்கு எட்டச் செய்பவை மண்ணில் வாழும் பற்றீரியாக்களும் அவற்றோடு சேர்ந்து வாழும் பங்கசுக்களும்.

மலையகத்தில் உரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூட்டையைச் சுற்றியே நடக்கிறது. எந்த மூட்டை, எவ்வளவு, என்ன விலை, இறக்குமதிக்கு அனுமதியா தடையா என்பவையே கேள்விகள். மண்ணுக்குள் நடக்கும் வேலையை அறிந்தவர் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்பார். இந்த மலையின் மேல்மண்ணில் எவ்வளவு காபன் இருக்கிறது? அந்த மேல்மண் சரிவில் இன்னும் எத்தனை காலம் நிற்கும்? பொஸ்பரஸைப் பொறுத்தவரை ஒரு மலையின் வளத்தை இவ்விரண்டும் தீர்மானிக்கின்றன. பற்றீரியாக்களின் நொதியங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது ஏன் என்று விளங்கும்.

புளித்த மண்ணின் பிடி

தேயிலைக்கு அமில மண் வேண்டும். 4.5 முதல் 5.5 வரையான பி.எச். அளவில் அது செழிக்கிறது. அந்த அளவில் மண்ணிலுள்ள அலுமினியமும் இரும்பும் சுறுசுறுப்பாகி, கரைந்த பொஸ்பேற்றைப் பிடித்துக்கொள்கின்றன. ஊவாவின் சிவந்த, மஞ்சள் படிந்த மலை மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் இரும்பு ஒட்சைட்டுகளே பொஸ்பேற்றையும் தம் மேற்பரப்பில் இறுகப் பிணைக்கின்றன. ஆகவே மண் நீரில் எந்த நேரத்திலும் கரைந்து கிடக்கும் பொஸ்பேற்று மிகச் சொற்பம். ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமை எட்டுவது அரிது. நைத்திரேற்றைப் போல அது நீரோடு ஓடி வேரை அடைவதுமில்லை. வேரைச் சுற்றிச் சில மில்லிமீற்றர் தூரத்தில் இருப்பது மட்டுமே மெதுவாகப் பரவி வந்து சேரும்.

அடகு வைத்த நகை வீட்டுக்குச் சொந்தம்தான், ஆனால் மீட்கும் வரை கழுத்தில் ஏறாது. மலை மண்ணின் பொஸ்பரஸும் அப்படித்தான்.

அமில மண்ணுக்கு ஒரு நன்மையும் உண்டு. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் 1971 இல் கண்டறியப்பட்ட அபதைற்றுப் படிவு நீரில் எளிதில் கரையாதது. நெல்லுக்கும் மரக்கறிக்கும் அது உடனே உதவாது. தேயிலை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களின் புளித்த மண்ணில் அது சிறிது சிறிதாகக் கரைகிறது. இந்தப் படிவை வெளிநாட்டுக் கூட்டு நிறுவனமொன்றுக்குக் கொடுத்து அவசரமாக அகழ்ந்து ஏற்றுமதி செய்யும் திட்டத்தை எதிர்த்து அப்பகுதி விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இலங்கையின் பொஸ்பரஸ் வருங்காலத் தலைமுறைகளுக்கும் உரியது என்ற எண்ணம் அந்த வழக்கால் நாட்டின் சட்ட வரலாற்றில் இடம்பிடித்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும். அபதைற்றுப் போன்ற கனியப் பொஸ்பேற்றைக் கரைப்பது அமிலத்தின் வேலை. பற்றீரியாக்கள் சுரக்கும் குளுக்கோனிக் அமிலம் போன்றவை அதைச் செய்யும். சேதனப் பொஸ்பரஸைப் பிரிப்பது நொதியத்தின் வேலை. இரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதப்படும் விளம்பரங்களும் துண்டுப் பிரசுரங்களும் ஏராளம்.

சேதனப் பொஸ்பரஸின் வகைகள்

உலகின் பெரும்பாலான மேல்மண்களில் மொத்தப் பொஸ்பரஸில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை சேதன வடிவில் இருக்கிறது. அதாவது காபன் கொண்ட மூலக்கூறுகளில் அது பிணைந்திருக்கிறது. உதிர்ந்த இலை, செத்த வேர், மண்புழுவின் கழிவு, மாட்டெரு, இறந்த பற்றீரியா என எல்லா உயிர்ப் பொருளும் இந்தச் சேமிப்புக்குள் வந்து சேர்கின்றன.

இதில் முக்கியமான நான்கு வகைகளைச் சொல்லலாம். முதலாவது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய நியூக்கிளிக் அமிலங்கள். இரண்டாவது கல மென்சவ்வுகளை ஆக்கும் பொஸ்போலிப்பிட்டுகள். மூன்றாவது பைற்றேற்று, விதைகள் தம் பொஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம் இது. ஒரு வளையத்தைச் சுற்றி ஆறு பொஸ்பேற்றுக் கூட்டங்கள் அமைந்த மூலக்கூறு. நான்காவது பொஸ்போனேற்றுகள். மற்ற மூன்றிலும் பொஸ்பரஸ் அணு ஒட்சிசன் வழியாகக் காபனோடு இணைகிறது. பொஸ்போனேற்றில் அது காபனோடு நேரடியாகவே பிணைந்திருக்கும். இந்த நேரடிப் பிணைப்பு இயற்கையில் உண்டு என்பதை ஜப்பானிய ஆய்வாளர்களான ஹொரிகுச்சியும் கண்டாட்சுவும் 1959 இல்தான் வெளிப்படுத்தினார்கள்.

மண்ணில் விழும் சேதனப் பொஸ்பரஸில் நியூக்கிளிக் அமிலங்களும் பொஸ்போலிப்பிட்டுகளும் பெரும் பங்கு. ஆனால் பல மண்களில் தங்கிக் கிடப்பதில் பைற்றேற்றே முன்னிற்கிறது. முன்னவை நாட்களிலோ வாரங்களிலோ உடைந்துபோகின்றன. பைற்றேற்று இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. ஊவாவின் மண் அதற்கு ஏற்ற இருப்பிடம்.

பசி அறிந்து சுரக்கும் நொதியங்கள்

பற்றீரியா தன் உடலைக் கட்டவும் சக்தியைக் கையாளவும் பொஸ்பேற்று வேண்டும். கரைந்த பொஸ்பேற்று போதுமான அளவில் இருக்கும்வரை அது நொதியம் செய்து செலவழிப்பதில்லை. பற்றாக்குறை வந்ததும் நிலைமை மாறுகிறது. எஷெரிக்கியா கோலி என்ற பற்றீரியாவில் இது மிக நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளது. 1959, 1960 ஆம் ஆண்டுகளில் ஹொரியுச்சி குழுவினரும் அன்னமரியா டொரியானியும் தனித்தனியே காட்டிய உண்மை இது: பொஸ்பேற்று குறைந்தவுடன் இந்தப் பற்றீரியா காரப் பொஸ்பேற்றேஸ் என்னும் நொதியத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்கிறது.

சுற்றுப்புறப் பொஸ்பேற்று லீற்றருக்குச் சுமார் 4 மைக்ரோமோல் அளவுக்குக் கீழே இறங்கும்போது, மென்சவ்விலுள்ள ஒரு புரதம் அதை உணர்கிறது. அது உள்ளே இருக்கும் இன்னொரு புரதத்துக்குப் பொஸ்பேற்றுக் கூட்டமொன்றைக் கொடுத்து விழிக்கச் செய்கிறது. விழித்த புரதம் டி.என்.ஏ.யில் குறித்த இடங்களில் அமர்ந்து, பொஸ்பரஸ் தேடலுக்கான பரம்பரையலகுகள் பலவற்றை ஒரே நேரத்தில் இயக்குகிறது. மண்ணில் சாதாரணமாக வாழும் பசிலஸ் சப்டிலிஸிலும் இதே முறை சற்று வேறு புரதங்களைக் கொண்டு நடக்கிறது. நூறு மடங்குக்கும் மேலாக நொதிய உற்பத்தி உயரும்.

இவ்வாறு உண்டாகும் பொஸ்பேற்றேஸ் கலத்தின் உள்ளே வேலை செய்வதில்லை. அது கலத்தின் வெளி ஓரத்துக்கு அனுப்பப்படுகிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட பெரிய பொஸ்பேற்று எஸ்தர்கள் மென்சவ்வைக் கடந்து எளிதில் உள்ளே வரமாட்டா. எனவே நொதியம் வெளியே நின்று ஒரு நீர் மூலக்கூறைப் புகுத்தி எஸ்தர் பிணைப்பை வெட்டுகிறது. பிரிந்த பொஸ்பேற்று மட்டும் உள்ளே எடுக்கப்படுகிறது. நியூக்கிளிக் அமிலமென்றால் முதலில் நியூக்கிளியேசுகள் அதைச் சிறு துண்டுகளாக்கும். பிறகே பொஸ்பேற்றேஸ் கடைசிப் பிணைப்பை அறுக்கும். பொஸ்போலிப்பிட்டுகளுக்குப் பொஸ்போலைப்பேசுகள் இருக்கின்றன. ஒரு மூலக்கூறு முழுதாகச் சிதைய, பல இனங்களின் நொதியங்கள் அடுத்தடுத்துக் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

காரப் பொஸ்பேற்றேசுகளில் மூன்று குடும்பங்கள் உண்டு. ஒன்றுக்கு நாகமும் மக்னீசியமும் தேவை; மற்ற இரண்டுக்குக் கல்சியமும் இரும்பும். மண் பற்றீரியாக்களின் பரம்பரையலகுகளை வாசிக்கும் ஆய்வுகளில் கல்சியமும் இரும்பும் வேண்டும் வகையைச் சேர்ந்த போ-டி என்ற பரம்பரையலகு பரவலாகத் தென்படுகிறது. புளித்த தேயிலை மண்ணில் இவற்றைவிட அமிலப் பொஸ்பேற்றேசுகளே கூடுதலாக இயங்கும். அவற்றைப் பற்றீரியாக்கள், பங்கசுக்கள், தேயிலை வேர் ஆகிய மூன்றும் சுரக்கின்றன. காரப் பொஸ்பேற்றேசை உயர் தாவரங்களின் வேர்கள் செய்வதில்லை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மண்ணில் அது காணப்பட்டால் நுண்ணுயிர்களின் கைவேலை என்று கொள்ளலாம்.

பைற்றேற்றின் பிடிவாதம்

பைற்றேற்றை உடைக்கப் பைற்றேஸ் என்னும் தனி நொதியங்கள் வேண்டும். பசிலஸ் இனங்களில் காணப்படும் ஒரு வகைப் பைற்றேஸ் நடுநிலைக்கு அருகான அல்லது சற்றுக் காரமான சூழலில், கல்சியம் துணையிருந்தால் நன்றாக இயங்கும். கோலிப் பற்றீரியாவிலும் அஸ்பர்ஜிலஸ் பங்கசிலும் உள்ள வேறொரு வகை அமிலச் சூழலுக்கு ஏற்றது. ஊவாவின் தேயிலை மண்ணுக்கு இரண்டாவது வகையே பொருந்தும். ஆய்வுகூடத்தில் நடுநிலைக் கரைசலில் சிறப்பாக வேலை செய்த ஒரு பற்றீரியாவைக் கொண்டுவந்து இந்த மலையில் விட்டால் அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நொதியம் இருப்பது மட்டும் போதாது. பைற்றேற்று இரும்பு ஒட்சைட்டின் மேல் ஒட்டியிருக்கும்போது நொதியத்தின் வெட்டும் இடத்துக்குள் அது நுழைய முடியாது. முதலில் அதை அங்கிருந்து கழற்ற வேண்டும். வேர்களும் நுண்ணுயிர்களும் சுரக்கும் சித்திரிக் அமிலம், ஒட்சாலிக் அமிலம் போன்றவை இரும்பையும் அலுமினியத்தையும் கவ்வி இழுத்து, பைற்றேற்றை விடுவிக்கின்றன. விடுவித்த பிறகும் நொதியமே களியில் ஒட்டிக்கொண்டு வலு இழக்கலாம். நொதியத்தின் வேகத்தைவிடப் பொருள் கைக்கு எட்டுவதுதான் அமில மண்ணின் முதல் தடை.

கோழி எருவைப் பயன்படுத்தும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். கோழியின் வயிறு தானியப் பைற்றேற்றை முழுதாகச் செரிக்காது. எருவோடு அது வெளியேறி மண்ணுக்கு வருகிறது. வெலிமடை, பண்டாரவளைப் பகுதி மரக்கறித் தோட்டங்களில் கோழி எருவும் பொஸ்பேற்று உரமும் சேர்ந்தே குவிகின்றன. அங்கே குறைவாக இருப்பது பொஸ்பரஸ் அல்ல. அதைப் புழக்கத்தில் வைக்கும் சமநிலை.

கிளைபொசேட்டும் ஒரு பொஸ்பரஸ் சேர்வையே

1970 இல் மொன்சாண்டோ நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோன் பிரான்ஸ் களைநாசினியாகக் கண்டறிந்த கிளைபொசேட், பொஸ்பரஸ் காபனோடு நேரடியாகப் பிணைந்த ஒரு பொஸ்போனேற்று. அதன் நிறையில் 18 சதவீதம் பொஸ்பரஸ். மலையில் மருந்தடிக்கும் தொழிலாளி தோளில் சுமக்கும் தொட்டியில் இருப்பது மண் பற்றீரியாக்களின் பார்வையில் இன்னொரு சேதனப் பொஸ்பரஸ் சேர்வைதான்.

இலங்கை அரசாங்கம் 2015 இல் கிளைபொசேட்டைத் தடைசெய்தது. உலர் வலயத்தில் காரணம் அறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோயோடு அதற்குத் தொடர்பிருக்கலாம் என்ற கருத்து இதற்குப் பின்னால் இருந்தது. பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டையும் அந்த நோய் கடுமையாகத் தாக்கிய இடங்களில் ஒன்று. காரணம் இதுதான் என்ற உறுதியான நிரூபணம் கிடைக்கவில்லை. தோட்டங்களில் கையால் புல் வெட்டும் வேலை பெருகியது. களைகளைச் சமாளிக்க முடியவில்லை என்று தோட்ட நிர்வாகங்கள் முறையிட்டன. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2022 இல் அது முற்றாக நீங்கியது.

இந்த ஏழு ஆண்டு வாதத்தில் மண் பற்றீரியாக்கள் பற்றிப் பேச்சு எழுந்ததே அரிது. கிளைபொசேட்டை அவை இரண்டு வழிகளில் உடைக்கின்றன. முதல் வழியில் காபன்-நைதரசன் பிணைப்பு அறுந்து, அமினோமீதைல்பொஸ்போனிக் அமிலம் உண்டாகிறது. அதுவும் ஒரு பொஸ்போனேற்றுத்தான். தாய்ப் பொருளைவிடக் கூடுதலான காலம் மண்ணில் தங்கக்கூடியது. இரண்டாவது வழியில் காபன்-பொஸ்பரஸ் லையேஸ் என்னும் நொதியத் தொகுதி அந்த வலிய பிணைப்பையே நேரடியாக உடைத்துப் பொஸ்பேற்றை விடுவிக்கிறது. கோலிப் பற்றீரியாவில் இந்தத் தொகுதிக்குப் பதினான்கு பரம்பரையலகுகள் உள்ளன. இந்த நொதியங்கள் படிப்படியாக என்ன செய்கின்றன என்ற புதிரை 2011 இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சித்தேஷ் காமத், ஹவர்ட் வில்லியம்ஸ், பிராங்க் ரௌஷெல் ஆகியோர் அவிழ்த்தார்கள். சாதாரண நீர்ப்பகுப்பு இங்கே பயன்படாது. இரும்பு-கந்தகக் கொத்தொன்றின் உதவியோடு மிகச் சுறுசுறுப்பான மூலிகமொன்று உருவாகி அந்தப் பிணைப்பைப் பிளக்கிறது.

கோலியில் இந்தத் தொகுதியும் பொஸ்பேற்றுப் பசிக்குக் கட்டுப்பட்டது. பொஸ்பேற்று தாராளமாக இருந்தால் அது உறங்கிவிடும். மண்ணின் இரும்பும் அலுமினியமும் பொஸ்பேற்றைப் பிடிக்கும் அதே இடங்களில் கிளைபொசேட்டையும் பிடிக்கின்றன. ஆகவே ஒரு மலையில் பொஸ்பேற்று உரத்தை எப்போது, எவ்வளவு போடுகிறோம் என்பது, களைநாசினி அங்கே எவ்வளவு காலம் தங்கும், எவ்வளவு ஓடைக்குப் போகும் என்பதையும் தொடுகிறது. உர அட்டவணையும் மருந்தடிக்கும் அட்டவணையும் ஒன்றாகப் பார்க்கப்பட வேண்டியவை.

செயற்கைப் பொஸ்பரஸ் சேர்வைகளைப் பற்றீரியா உடைக்கும் என்ற அறிவு ஆசிய மண்ணிலேயே வளர்ந்தது. 1973 இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்திய ஆய்வாளர் என். சேதுநாதனும் யோஷிடாவும் வயல் நீரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பற்றீரியா, டயசினன், பரதயன் ஆகிய பூச்சிநாசினிகளைச் சிதைத்தது. அந்த வகை நொதியம் பின்னர் உலகெங்கும் ஆராயப்பட்டது. எந்த வயலில் மருந்து தொடர்ந்து விழுந்ததோ அந்த வயலிலேயே அதை உண்ணும் உயிர் தோன்றியிருந்தது.

வறண்ட காற்றும் ஐப்பசி மழையும்

ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் மணம் அந்த நாட்களில்தான் கொழுந்தில் ஏறுகிறது. அதே நாட்களில் மேல்மண் காய்கிறது. நொதியங்கள் நீரில்லாமல் இயங்கா. உடைந்த பொஸ்பேற்றும் நீரில்லாமல் வேருக்கு நகராது. பற்றீரியாக்கள் பல செத்துப்போகின்றன, மற்றவை ஒடுங்குகின்றன.

ஒக்டோபரில் இடைப்பருவ மழையும் அதன்பின் வடகிழக்குப் பருவமழையும் வந்து காய்ந்த மண்ணைத் திடீரென நனைக்கும்போது, ஒடுங்கியிருந்த பல கலங்கள் நீரை உறிஞ்சி வெடிக்கின்றன. 2001 இல் பெஞ்சமின் டேர்னரும் பிலிப் ஹேகார்த்தும் இங்கிலாந்து, வேல்ஸ் மேய்ச்சல் நில மண்களைக் காயவைத்து நனைத்துப் பார்த்தபோது நீரில் கரைந்த பொஸ்பரஸ் பன்மடங்கு கூடியது. அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்க் கலங்களிலிருந்து வெளியான சேதனப் பொஸ்பரஸ். ஊவாவின் காலநிலை இந்தச் சோதனையை ஒவ்வோர் ஆண்டும் மலை அளவில் நடத்துகிறது என்று கருத இடமுண்டு. வேர்கள் விழித்து அதை எடுத்துக்கொள்ளும் வேகமும், மழை அதை அடித்துச் செல்லும் வேகமும் போட்டியிடும் வாரங்கள் அவை. சரிவில் மண் மூடாக்கோடு இருந்தால் வேருக்கு வாய்ப்பு அதிகம். வெறுமையாக இருந்தால் ஓடைக்கு.

மரங்களும் மிலாறும்

மண் நுண்ணுயிர்களின் உடலில் காபன், நைதரசன், பொஸ்பரஸ் அணுக்களின் விகிதம் உலக மண்களின் சராசரியில் ஏறக்குறைய 60:7:1. ஒரு பங்கு பொஸ்பரஸை உடலில் சேர்க்கவே அறுபது பங்கு காபன் வேண்டும். நொதியம் செய்யவும் அமிலம் சுரக்கவும் அதற்கு மேலும் வேண்டும். அடகை மீட்கும் பணம் காபன்தான். மண்ணில் உக்கக்கூடிய காபன் இல்லாவிட்டால் பொஸ்பரஸ் எவ்வளவு இருந்தும் வேலை நடக்காது. மறுபக்கத்தில், பொஸ்பரஸ் மிகக் குறைந்த, காபன் மிகுந்த சருகு விழுந்தால் பற்றீரியாக்கள் இருக்கும் கரைந்த பொஸ்பேற்றையும் தமக்கே எடுத்துக்கொள்ளும். காபனுக்கும் பொஸ்பரஸுக்கும் இடையிலான நிறை விகிதம் 200க்குக் கீழே இருக்கும் சருகு பொஸ்பேற்றை விடுவிக்கும், 300க்கு மேலே இருப்பது அதைச் சிறைப்பிடிக்கும் என்பது மண்ணியலின் பொது வழிகாட்டி. பற்றீரியாவுக்குள் போன பொஸ்பரஸ் அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. நுண்ணிய புரோட்டோசோவாக்களும் வட்டப்புழுக்களும் பற்றீரியாக்களை மேய்ந்து, மிஞ்சும் பொஸ்பேற்றை வேரருகே கழிவாக விடுகின்றன.

ஊவாத் தோட்டங்களில் நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நிற்கும் கிரவில்லியா மரம் இந்தக் கதையில் தனி இடம் பெறுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரத்தின் குடும்பம் பொஸ்பரஸ் மிகக் குறைந்த மண்ணில் வாழப் பழகியது. அதன் வேர்கள் சில இடங்களில் கொத்துக் கொத்தாகச் சிறுவேர் விட்டு, அமிலங்களையும் பொஸ்பேற்றேசையும் ஒரே இடத்தில் செறிவாகச் சுரக்கின்றன. ஒட்சைட்டில் ஒட்டியதைக் கழற்றுவதும் எஸ்தரை வெட்டுவதும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன. எடுத்த பொஸ்பரஸில் ஒரு பகுதி சருகாகத் தேயிலைத் தூருக்கு வந்து சேர்கிறது. முள்முருங்கையும் கிளிரிசிடியாவும் நைதரசனோடு எளிதில் உக்கும் காபனையும் தருகின்றன. நிழல் மரத்தை விறகாக மட்டும் மதிப்பிட்டு வெட்டித் தீர்க்கும் நிர்வாகம் இந்த உழைப்பையும் சேர்த்தே வெட்டுகிறது.

கவ்வாத்து இதைவிட முக்கியமானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியின் மேற்பகுதி முழுவதும் வெட்டப்படும்போது பல ஆண்டுகளாகச் சேர்ந்த இலையும் குச்சியும் ஒரே நேரத்தில் மண்ணுக்கு வரும் வாய்ப்பு உண்டு. லயத்து வீடுகளில் அடுப்பெரிக்க மிலாறு, அதாவது கவ்வாத்தில் வெட்டிய குச்சி, வேண்டும். எரிவாயு விலை ஏறிய காலத்தில் அந்தத் தேவை இன்னும் கூடியது. விறகு இல்லாத குடும்பத்திடம் மண் வளம் பற்றிப் போதிப்பது நியாயமாகாது. ஆனால் பொஸ்பரஸும் நைதரசனும் பெருமளவு இலையிலும் இளந்தண்டிலும் இருக்கின்றன. தடித்த குச்சியில் குறைவு. வெட்டிய கிளைகளைச் சில வாரம் மலையிலேயே விட்டு, இலை உதிர்ந்த பின் மிலாறை எடுத்துச்செல்லும் ஒழுங்கு இருந்தால், அடுப்புக்கும் குறைவில்லை, மண்ணுக்கும் குறைவில்லை. இதற்குத் தோட்டமும் தொழிலாளர் குடும்பங்களும் பேசி ஒரு முறைக்கு வந்தால் போதும்.

பைக்கற்றில் வரும் பற்றீரியா

இந்த உழைப்பையெல்லாம் ஒரு பைக்கற்றில் அடைத்து விற்க முடியாதா? சோவியத் ஒன்றியம் இதை மிகப் பெரிய அளவில் முயன்றது. பசிலஸ் மெகாதேரியம் பற்றீரியாவின் ஒரு வகையிலிருந்து பொஸ்போபக்ட்டரின் என்ற தயாரிப்பைச் செய்து, 1950களில் பரந்த நிலங்களில் விதையோடு கலந்தார்கள். சேதனப் பொஸ்பரஸை உடைத்துத் தரும் என்பதே அதன் நோக்கம். அமெரிக்க விவசாயத் திணைக்களம் அதைச் சோதித்து 1962 இல் வெளியிட்ட முடிவில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. தமிழ்நாட்டிலும் பொஸ்போபற்றீரியா நீண்ட காலமாக விவசாயிகளிடம் புழங்குகிறது. சில பயிர்களில், சில மண்களில் பலன் தருகிறது, எங்கும் தருவதில்லை.

காரணம் மேலே சொன்னவற்றிலேயே இருக்கிறது. ஒரு கிராம் வளமான மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் பொஸ்பேற்றேஸ் செய்பவை ஏராளம். அங்கே பற்றாக்குறையாக இருப்பது காபன், ஈரம், ஒட்சைட்டின் பிடியிலிருந்து விடுபட்ட பொருள். புதிதாக வரும் பற்றீரியா அந்தக் கூட்டத்தில் உணவின்றிச் சில வாரங்களில் அழிந்துபோகும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே கட்டளையில் நிறுத்தப்பட்டபோது காபன் சேராத மண்ணில் நுண்ணுயிர்கள் உரத்தின் இடத்தை உடனே நிரப்ப முடியாது என்பது நாடு முழுவதும் உணரப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு வீழ்ந்தது. முதலில் வருத்தியது நைதரசன் பற்றாக்குறை. தேயிலை மண்ணிலிருந்து எடுக்கும் நைதரசன் பொஸ்பரஸைவிடப் பத்து மடங்குக்கு மேல். பொஸ்பரஸ் பற்றாக்குறை உடனே வெளித்தெரியாது. மண்ணின் பழைய சேமிப்பு சில காலம் தாங்கும், அந்தச் சேமிப்பு கரைவதும் கண்ணுக்குத் தெரியாது. சேதனப் பசளைக்கு மாறுவது நல்ல நோக்கம். அதற்கு மண்ணில் காபனைக் கட்ட ஆண்டுகள் வேண்டும். வர்த்தமானி அறிவித்தலால் பற்றீரியாவின் வேகத்தை மாற்ற முடியாது.

மண் ஓடும் திசை

பூனாகலையின் நீரைச் சேர்த்து இறங்கும் பூனாகலை ஓயாதான் கொஸ்லந்தை அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக விழுகிறது. பிறகு கிரிந்தி ஓயாவோடு சேர்ந்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மலையிலிருந்து கழுவப்படும் மேல்மண்ணின் பாதையும் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 கிலோ தேயிலைத் தூளில் 3 முதல் 4 கிலோ பொஸ்பரஸ் இருக்கிறது. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மேல்மண் போனால் அது 10 கனமீற்றர், நிறையில் ஏறக்குறைய 12 தொன். ஒரு கிலோ மண்ணில் 500 மில்லிகிராம் பொஸ்பரஸ் இருப்பதாக வைத்துக்கொண்டால் அதோடு போவது 6 கிலோ. 1500 கிலோ தூளை ஆக்கிய கொழுந்து எடுத்துச்செல்வதற்கு இது சமம் அல்லது அதைவிடக் கூடுதல். கொழுந்தோடு போனதற்குக் கூலியும் விலையும் கிடைத்தன. ஓடையோடு போனதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போன மண்ணில்தான் சேதனப் பொருளும் பற்றீரியாக்களும் நொதியங்களும் செறிந்திருந்தன. கீழே வெளிப்படும் அடிமண் இரும்பும் அலுமினியமும் மிகுந்தது, காபன் குறைந்தது. அதில் போடும் உரம் முன்னைவிட வேகமாகப் பிணைந்துபோகும்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மலை சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. அந்தத் துயரத்தை மண்ணின் ஊட்டக் கணக்கோடு ஒப்பிடுவது தவறு. பாதுகாப்பான காணியும் வீடும் மலையக மக்களின் உரிமை, அது எந்தப் பயிர்க் கணக்குக்கும் முந்தியது. ஆனால் வடிகான்களைத் துப்புரவாக வைப்பது, சரிவை மரத்தாலும் புல்லாலும் மூடுவது, மழைநீரை அதன் வழியில் விடுவது ஆகிய கடமைகள் உயிருக்கும் மண்ணுக்கும் பொதுவானவை. 1951 ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் முதல் இவை எழுத்தில் இருக்கின்றன.

அளக்கவும் செய்யவும் கூடியவை

வழக்கமான மண் பரிசோதனை செடிக்கு உடனே கிடைக்கும் பொஸ்பரஸைக் காட்டுகிறது. சேதனச் சேமிப்பையும் அதைத் திறக்கும் நொதியங்களின் வேகத்தையும் அது காட்டாது. இந்த வேகத்தை அளக்க 1969 இல் தபதபாயும் பிரெம்னரும் தந்த முறை இன்றும் பயன்படுகிறது. மண்ணோடு பரா-நைத்திரோபீனைல் பொஸ்பேற்றைச் சேர்த்து 37 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால், நொதியம் அதைப் பிரிக்கும். காரம் சேர்த்ததும் மஞ்சள் நிறம் தெரியும். நிறம் கூடினால் நொதியமும் கூட. சாதாரண நிறமானி உள்ள எந்த ஆய்வுகூடமும் இதைச் செய்யலாம்.

1925 இல் தொடங்கப்பட்டு, இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பசறையில் ஊவாவுக்கான நிலையம் இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பாடமாகவே கற்பிக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பூனாகலை போன்ற தோட்டங்களில் கவ்வாத்து இலை விட்ட மலை, எடுத்த மலை, கிரவில்லியா நிற்கும் மலை, வெட்டிய மலை, தேய்ந்த சரிவு ஆகியவற்றை மலை நம்பர் வாரியாகத் தெரிந்தெடுத்து, வறண்ட மாதத்திலும் மழை தொடங்கிய மாதத்திலும் இந்த அளவை எடுத்தால், ஐந்து ஆண்டில் ஊவாவுக்கே உரிய ஒரு பொஸ்பரஸ் வரைபடம் உருவாகும். எந்த மலைக்கு எப்பாவலைப் பொஸ்பேற்று வேண்டும், எந்த மலைக்குச் சருகு போதும், எங்கே உரம் போடுவதே வீண் என்று அதைப் பார்த்துச் சொல்லலாம்.

பற்றீரியாக்கள் பொஸ்பரஸை உண்டாக்குவதில்லை. இருப்பதைச் சுழற்சியில் வைத்திருப்பதே அவற்றால் ஆகும். கொழுந்தோடு போவதை வெளியிலிருந்து ஈடுசெய்யத்தான் வேண்டும், மூட்டை தேவைப்படும். அந்த மூட்டையின் பலன் மண்ணிலேயே அடைபட்டுப்போகாமல் இருக்க, இலை மலையில் விழ வேண்டும், மரம் நிற்க வேண்டும், கான் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். இவை மூன்றையும் செய்யும் கைகள் தோட்டத் தொழிலாளர்களுடையவை. கான் வெட்டவும் மூடாக்குப் போடவும் செலவிடும் நாட்களைக் கொழுந்து பறிக்கும் நாளுக்குச் சமமான கூலியோடு நிர்வாகங்கள் கணக்கில் எடுக்கட்டும். உரச் செலவில் மிக லாபமான பகுதி அதுவாகவே இருக்கும்.